நாற்பத்தைந்து சதவீத ஏற்றம்

உற்பத்தி ரிப்போர்ட் தயாரிப்பவன் ஒரு திருகைக்கூட முடுக்குவதில்லை. ஆனால் முடுக்குகிறவர்களின் தலையெழுத்து அவன் கையில். ரிப்போர்ட் தட்டித் தட்டிக் கைரேகை தேய்ந்தவர்களே, என் அதிர்ச்சி உங்களுக்குத்தான் புரியும்.

கம்ப்யூட்டர் வாக்கு

தொண்ணூறுகளின் நடுவில் ஹெப்பகோடி என்ற கன்னட ஊரில் எங்கள் மோட்டார் ஃபேக்டரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நான் தட்டிய வேகத்தில் கரண்ட் போய் ஊரே இருட்டானதாகச் சொல்வார்கள், அந்தக் கதையைக் கிளப்பிவிட்டது நான்தான்.

எங்களுக்கு இரண்டு லைன். மேரி சூப்பர்வைசராக இருந்த மிக்ஸி மோட்டார் லைனில் தினம் ஆயிரம் இறங்கும். அந்த மாதம் தொள்ளாயிரம். பத்து சதவீதம் இறக்கம். தையல் மெஷின் மோட்டார் லைனில் தினம் பத்து, இருபதாகியிருந்தது. நூறு சதவீதம் ஏற்றம். சதவீதங்களுக்குக் கீழே சராசரி கேட்டேன். நாற்பத்தைந்து சதவீத ஏற்றம் என்றது பெட்டி.

மேனேஜர் ராவ் மூன்று முறை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். இதே ஆட்களை வைத்து இத்தனை ஏற்றம் என்றால் தேவைக்கு மேல் ஆள் இருக்கிறது, மேரியின் இரண்டாம் ஷிஃப்டில் நாற்பது பெண்களை ஒன்றாம் தேதியோடு நிறுத்திவிடலாம் என்றார். நாற்பது பேரா என்றேன். அவர் தன் கன்னட 'ரீ'யோடு சொன்னார்: "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு ரீ, நாம என்ன சொல்றது?"

லாரியில் இடம்

மறுநாள் சரக்கேற்றும் இடத்துக்குப் போனேன். போன மாதம் கதவு சாத்த முடியாத லாரியில் இப்போது கல்யாணப் பந்தியே போடலாம். உற்பத்தி நாற்பத்தைந்து சதவீதம் ஏறியிருக்கிறது என்று லோடு ஏற்றும் அத்திபெலே ஊர்க்காரன் முனிராஜுவிடம் அடித்துச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அந்த நாற்பத்தஞ்ச எங்க வெச்சிருக்கீங்க சாமி? குடுங்க, ஏத்திடறேன்."

ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள்

ஓடிவந்து இரண்டு லைனையும் சேர்த்துக் கூட்டினேன். முன்பு தினம் ஆயிரத்துப் பத்து; இப்போது தொள்ளாயிரத்து இருபது. லைனுக்குச் சராசரி ஐந்நூற்று ஐந்திலிருந்து நானூற்று அறுபது. ஏற்றமாவது! ஏறக்குறைய ஒன்பது சதவீத இறக்கம். பத்து மோட்டார் லைனையும் ஆயிரம் மோட்டார் லைனையும் சரிக்குச் சரியாக நிறுத்தி இரண்டு சதவீதத்தையும் கூட்டிப் பாதியாக்கியிருக்கிறேன், பாவி.

தப்பு கம்ப்யூட்டருடையது அல்ல, என்னுடையது என்று ராவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். சரக்கு குறையும்போது ஆளையும் குறைப்பதா என்று அந்த நாற்பது பெயர்ப் பட்டியலைக் கிழித்துப் போட்டார்.

விஷயம் தெரிந்து மேரி நேரே என் மேஜைக்கு வந்தாள். திட்டவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்ணா, உங்க வீட்ல ஒரு படி அரிசிக்கு ஒரு படி உப்பா போடுவீங்க?"

அன்றிலிருந்து நான் எத்தனை பொய் சொன்னாலும், சதவீதத்தில் மட்டும் சொல்வதில்லை.