மூன்றாவது செட்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். கதை கட்டத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும். நம்பாதவர்கள் இத்தோடு மூடி வைத்துவிடலாம். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கொல்லம் ஆண்டு 1122, கன்னி மாதம். இங்கிலீஷ் கணக்கில் 1946. திருவனந்தபுரம் ஆரியசாலையில் அப்போது மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான், சிவதாணு. இன்னொருவன் என் எதிர்க்கடை ஞானையன்.

என் செட் நானே கட்டியது. பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது ரேடியோ வால்வுகள் வாங்கினேன். பலாமரப் பெட்டிக்குள் பெரிய ஸ்பீக்கரைப் பொருத்தினேன். சத்தம் உருண்டையாக வரும். ஆனால் கடைசி வரிசைக்கு எட்டாது. ஞானையன் செட் மெட்ராஸிலிருந்து வந்தது. இரண்டு கோளாம்பி. குழாய் ஸ்பீக்கரை இங்கே அப்படித்தான் சொல்வோம். தெருக்கோடி வரை கேட்கும், கிட்ட இருப்பவன் காது கிழியும். ஆனாலும் ஜனங்கள் அதைத்தான் வாய் பிளந்து பார்ப்பார்கள். காலையில் அவன் அதைத் துணியால் துடைக்கத் துடைக்க எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன்?

அந்த வருஷம் நவராத்திரிக்கு வியாபாரிகள் லீலாபாயை ஏற்பாடு செய்திருந்தார்கள். நாகர்கோவில் பெண். கிதாரை மடியில் படுக்க வைத்து வாசிப்பாள். மின்சார கிதார். செட்டோடு கம்பியைச் சேர்க்காவிட்டால் முன்வரிசைக்குக்கூடக் கேட்காது. எந்த செட்டில் சேர்ப்பது? அதுதான் கேள்வி. ஒன்பது நாளும் ஒருவனுக்கே. தோற்றவன் சாலைக் கடைவீதியில் அப்புறம் தலைகாட்ட முடியாது.

தீர்மானிக்கிறவர் சேஷன். வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்க்கிறவர். நல்ல மனுஷர்தான். ஆனால் ஞானையன் வாங்கிக் கொடுக்கும் காப்பியைக் குடிக்கிறவர். அதனால் நான் ஒரு நிபந்தனை போட்டேன்.

"திரையப் போட்டுக் கேளும், சாமி. எது யாருதுன்னு தெரியப்பிடாது."

"என்ன ஓய், என்னையே நம்பலையா?"

"நான் கட்டின பெண்டாட்டியையே நம்பமாட்டேன்."

ஞானையன் சிரித்தான். "நம்மள நெனச்சா அண்ணாச்சிக்கு ஒறக்கம் வராது, சாமி. திரையப் போடுங்க. அவருக்கும் சமாதானம் ஆவட்டு."

சாயங்காலம் ஆறே கால் மணி. கொட்டகையில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. மேடைத் திரை விழுந்தது. வெளியே சேஷனும் நாலைந்து வியாபாரிகளும். உள்ளே நாங்கள் மூன்று பேர். தெற்கு மூலையில் என் பெட்டி, பக்கத்தில் நான். வடக்கு மூலையில் கோளாம்பிகள், சுவரை ஒட்டி ஞானையன். நடுவில் பாயில் லீலாபாய். முடியும்வரை யாரும் மூலையை விட்டு அசையக்கூடாது, பேசக்கூடாது. அதுவும் என் நிபந்தனைதான்.

முதலில் என் செட்டில் வாசித்தாள். பிறகு அவன் செட்டில். ஒரே பாட்டு. முடிந்ததும் இருவரும் சுவிட்சை அணைத்தோம். வால்வுகளின் சிவப்பு மெல்ல மங்கியது. லீலாபாய் செட்டிலிருந்து கம்பியைப் பிடுங்கிக் கையில் சுற்றினாள்.

அப்போது பாட்டு ஆரம்பித்தது.

அதே பாட்டு. மூன்றாவது தடவை.

லீலாபாயைப் பார்த்தேன். அவள் கை தந்தியில் இல்லை. சுருட்டிய கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டது.

என் பெட்டித் துணியில் உள்ளங்கையை வைத்தேன். அசைவில்லை. அந்த மூலையில் ஞானையன் கோளாம்பிக்குள் காதை விட்டுப் பார்த்தான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்... இதில் இல்லை.

சத்தம் உருண்டையாக இருந்தது. கடைசி வரிசை வரை போய்த் திரும்பியது. ம்ம்ம் என்று அடியில் ஓடுமே ஓர் இரைச்சல், அது இல்லை. வால்வு செட்டில் அது இல்லாமல் இருக்கவே இருக்காது.

எங்கிருந்து?

தெரியவில்லை...



பயந்தேன். ஆனால் பயத்துக்கும் முன்னால் வேறொன்று வந்தது. இப்படி ஒரு செட்... என்னிடம் இல்லையே.

நின்றது.

வெளியே கைதட்டல். சேஷன் சத்தம் போட்டார். "பேஷ்! மூணாவதுதான்! யாரோ மறுபடியும் போட்டேளே, யாரோடது ஓய் அது?"

"என்னுது, சாமி!"

கத்தியது நான்தான். ஞானையன் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. இருட்டு மூலையில் கண் பிதுங்க என்னையே பார்த்தான். ஒரு சொல் பேசவில்லை. பிறகு துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினான். தோல்வி தாங்கவில்லை என்று நினைத்தேன். எனக்கு உச்சி குளிர்ந்தது.

"யாரு வாசிச்சா, அண்ணாச்சி?" என்றாள் லீலாபாய்.

"சும்மா இரி, மக்ளே."

ஒன்பது நாளும் என் செட்தான். ஒன்பது நாளும் சேஷன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து, எழுந்து போகும்போது சொல்வார். "அன்னிக்குக் கேட்டது வரலையே, ஓய்." வால்வை மாற்றினேன். பெட்டியை மாற்றினேன். வரவில்லை. ஞானையன் அதற்குள் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்கே போய்விட்டான். என் எரிச்சல் முழுவதும் அந்த மூன்றாவதன்மேல் திரும்பியது. இன்றும் அது என்னிடம் வந்தால், நீ யார் என்று கேட்கமாட்டேன். எப்படிக் கட்டினாய் என்றுதான் கேட்பேன்.

பல வருஷம் கழித்து விழிஞ்ஞத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு செட் கட்டப் போனேன். பந்தலில் ஞானையன். அடர்ந்த தாடி. நேராக என்னிடம் வந்தான்.

"அன்னைக்கு ஏன்வே என் வாயப் பொத்துனீரு?"

"நானா? நான் தெக்கு மூலையிலல்லா நின்னேன்."

"அங்கதான் நின்னீரு. நானும் கண்ணால பாத்தேன். அதான் இன்னும் வெளங்கல. மூணாவது என்னுதுன்னு சொல்ல நானும் வாயத் தொறந்தேன். பின்னாலேருந்து ஒரு கை..."

"ஒமக்குப் பின்னால சுவருல்லா?"

"ஆமா."

இடது கன்னத்துத் தாடியை விரலால் விலக்கிக் காட்டினான். சுட்ட தழும்பு. கருகிய விரல் தடங்கள். மூன்று முழுசாக இருந்தன. ஒன்று... பாதி.

என் வலது கையை மடக்கிக்கொண்டேன். மோதிர விரல் பாதிதான். சின்ன வயதில் பட்டறையில் போனது.

"மடக்காதீரும். என் பின்னால வந்து நில்லும். கைய வச்சுப் பாரும்."

நின்றேன்.

வைத்தேன்.

விரலுக்கு விரல் பொருந்தியது.