மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை

விவாகரத்து என்று வாயைத் திறந்ததும் பெங்களூரில் எங்கள் மர்பி டவுன் தெருவே வக்கீலாகிவிட்டது. "பொண்ணுன்னா அம்மாவுக்குத்தான், சட்டமே அப்படித்தான்" என்றார் கீழ்வீட்டு அக்கா. ஆறு மாதம் காத்திருந்தே ஆகவேண்டும் என்றார் ஒருவர். ஜட்ஜ் மனசு வைத்தால் அது வேண்டாம் என்றார் இன்னொருவர். ஹெப்பகோடி ஃபேக்டரியில் என் கணவரோடு வேலை செய்கிறவர்கள் அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்று: அப்பாவுக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதற்குமேல் கேட்டால் அதுவும் போய்விடும். அவர் அதை அப்படியே நம்பினார்.

நம்பாமல் என்ன செய்வார்? திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து பன்னிரண்டு வருடமாகியும் அவருக்குத் தெரிந்த கன்னடம், கன்னடம் தெரியாது என்று சொல்லும் "கன்னட கொத்தில்லா" மட்டும். நான் இங்கேயே பிறந்தவள். ஆட்டோக்காரர், கேஸ் ஏஜென்சி, வீட்டு ஓனர் என்று எல்லாரிடமும் அவருக்காகப் பேசியது நான்தான். பேச வேண்டாத இடத்திலும் பேசினேன். பிரிவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, சண்டையெல்லாம் ஓய்ந்துபோன ஒரு மதியத்தில் அவர் சொன்னார்: "எனக்கும் சேத்து நீயே பேசிப் பேசி, எனக்கு என்ன வேணும்னே மறந்துபோச்சு." திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

பாப்பாவிடம் மட்டும் அவருக்குப் பேச்சு வரும். அவளுக்கு ஏழு வயது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும், அன்றைக்கு அவருடைய மெஷின் என்னென்ன சேட்டை செய்தது என்று அவளுக்குச் சொல்லியாக வேண்டும். நானும் அவளும் என் அம்மா வீட்டுக்கு வந்த பிறகு அது ஃபோனில் நடந்தது. "மெஷின் இன்னைக்கு சமத்தா இருந்துச்சாப்பா?" என்று அவள் கேட்கும்போது நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

இருவரும் சம்மதித்துப் பிரிவதால் எங்களுக்கு ஒரே வக்கீல். அவர் கன்னடத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும், வழக்கம்போல. அப்பாவுக்கு இத்தனை நாள் என்று சட்டத்தில் கணக்கு ஏதும் இல்லை, குழந்தைக்கு எது நல்லதோ அதைத்தான் கோர்ட் பார்க்கும், நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்தால் பெரும்பாலும் அதையே ஒத்துக்கொள்ளும் என்றார். இதை மட்டும் நான் என் கணவருக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர்மேல் கோபம். என்ன கோபம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த அப்புறம் வரவேயில்லை.

இப்படியாகக் குடும்ப நீதிமன்றத்தில் சமரசம் பேசும் அறைக்கு வந்து சேர்ந்தோம். மேஜைக்கு அந்தப் பக்கம் நரைத்த தலையோடு ஒரு மேடம். கன்னடத்தில்தான் கேட்டார். கல்யாண நகை என்னிடமே இருக்கிறதா, பாப்பாவின் பள்ளிக்கூடம் மாறுமா என்று கேட்டதற்கெல்லாம் இருவருக்குமாக நானே பதில் சொன்னேன். கடைசியில், குழந்தையை அப்பா எப்போது பார்ப்பார் என்றார். நான் அவர் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டேன்.

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம குடுத்தா போதும்னு சொல்லு" என்றார்.

ஒரு ஞாயிறு போதுமா இவருக்கு? போதாது என்று எனக்குத் தெரியும். கேட்கவிடாமல் செய்ததும் நான்தான். மேடத்தைப் பார்த்துக் கன்னடத்தில் சொன்னேன்: வாரா வாரம் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போய், ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்து விடுவதாகச் சொல்கிறார்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவரு கேட்டது ஒரே ஒரு ஞாயித்துக்கெழமதானேம்மா?" நல்ல தமிழ்! "நான் அல்சூர்ல தமிழ்க்காரங்க நடுவுல வளந்தவ."

"கூட்டித்தானே மேடம் சொன்னேன், கொறச்சா சொல்லிட்டேன்?" என்று என் வாய் தானாக வம்புக்குப் போனது. அதற்குள் அழுகை வந்துவிட்டது. வக்கீல் சொன்னதை மறைத்ததையும் அவர் எதிரிலேயே சொல்லிவிட்டேன்.

மேடம் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவரைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க சார். உங்களுக்கு என்ன வேணும்?"

எனக்கு நாக்கு துறுதுறுத்தது, கடித்துக்கொண்டேன்.

"வாரா வாரம் வேணும் மேடம்" என்றார். "எங்கிட்டதான் தூங்கணும். எனக்குத் தலை பின்ன வராது, கத்துக்குறேன். மெஷினப் பாக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கா. உள்ள விடமாட்டாங்க. வாசல்ல நின்னாவது சத்தத்தக் கேக்கட்டும்."

கல்யாணமான ஒன்பது வருடத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பேசவிட்டதும் இல்லை. விட்டிருக்கலாம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

மேடம் எல்லாவற்றையும் எழுதிப் படித்துக்காட்டினார். பழக்கதோஷத்தில் மறுபடி கன்னடத்துக்குப் போய் அவரிடம் கேட்டார்: "ஒப்பிகேனா?"

சம்மதமா என்று. அவரும் பழக்கதோஷத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒப்பிகே, மேடம்" என்றார் அவர்.