இடைவேளை வரைக்கும்

நானும் அம்மாவும் டிவியில் பழைய படம் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் 'இடைவேளை' என்று எழுத்து விழுந்ததும் அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

விருத்தாசலத்தில், பீங்கான் சூளையில் அவருக்குச் சாயங்கால ஷிஃப்ட். மதியக் காட்சியில் பாதிப் படம்தான் பார்க்க முடியும். மீதிக் கதையை அவரே கட்டி, மறுநாள் காலையில் எங்களுக்குச் சொல்வார். அவர் கதையில் விதி தோற்றுத்தான் போகும்; சாகவேண்டியவர்களுக்குக் கடைசி நேரத்தில் எப்படியோ அதிர்ஷ்டம் வந்துவிடும்.

மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "இது இடைவேளைதாம்மா. அப்பறம் எல்லாம் நல்லாயிடும்" என்றார். அந்த வாரமே போய்விட்டார். எனக்கு அப்போது பத்து வயது.

டிவியில் படம் மறுபடி தொடங்கியது. கதாநாயகி இருமினாள். அம்மா சட்டென்று ரிமோட்டை எடுத்து அணைத்தாள்.

"ஏம்மா, முடிவு பாக்க வேணாமா?"

"அவ பொழச்சிக்குவா. உங்கப்பாதான் அப்பவே சொல்லிட்டாங்களே."