அன்று கப்பல் வரவில்லை

"எந்திரி தாயி, மாப்ள வந்துட்டாரு." அண்ணன் வாசலில் நின்று இதைச் சொன்ன காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வேலை பார்க்கும் பண்ணையின் ஜீப்பைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். "கார் நிகோபார் கப்பல்ல கொண்டாந்து ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. கால்ல அடி, வேற ஒண்ணுமில்ல." சுனாமி வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அண்ணன் மகளின் காதுகுத்துக்காக நான் மட்டும் முன்னதாகவே அவன் வீடு இருந்த சிப்பிகாட்டுக்கு வந்திருந்தேன். கார் நிகோபார் தீவில் மேஸ்திரியாக இருந்த என் வீட்டுக்காரர் அடுத்த கப்பலில் வருவதாக இருந்தது.

அந்த ஒரு மாதமும் ஹேடோ ஜெட்டியில் எல்லாக் கப்பலுக்கும் போய் நின்றேன். தீவில் எங்களுக்கு மனிதரும் கப்பலில்தான் வருவார்கள், செய்தியும் கப்பலில்தான் வரும். கப்பலில் வந்தது என்று ஒருவர் சொன்னால் எதிர்க் கேள்வி கேட்கும் பழக்கமே எங்களுக்கு இல்லை. போகப் போக எனக்குத் தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. சுவருக்குப் பின்னால் அவர் கூப்பிடுவது கேட்டது. இரண்டு முறை கழிமுகத்தில் கழுத்தளவுத் தண்ணீர்வரை போய்விட்டேன், அக்கம்பக்கத்தார் இழுத்து வந்தார்கள். எனக்கு நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பது இன்று எனக்கே புரிகிறது. அண்ணன் பயந்ததில் தப்பே இல்லை.

வந்துவிட்டார் என்று கேட்டதும் நான் குளித்தேன். எத்தனை நாளுக்குப் பிறகு என்று தெரியாது. கப்பலில் வந்தவருக்குத் தலை சுற்றுமே என்று கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் ஊற்றி, எலுமிச்சை ஊறுகாயும் எடுத்துக்கொண்டேன். அவருடைய நீலச் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். வழியெல்லாம் நான்தான் பேசினேன். எந்தக் கால், எலும்பு முறிவா என்று கேட்டேன். "இடது கால்" என்றான் அண்ணன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

ஆஸ்பத்திரியில் கம்பிக் கதவு போட்ட வார்டுக்குள் அழைத்துப் போனார்கள். காலிக் கட்டில் ஒன்று இருந்தது. அவர் எங்கே என்று திரும்புவதற்குள் கதவு சாத்தப்பட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்றான். நான் கத்தியதும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஊசி போட்டார்கள். மயங்கும் முன் நான் பார்த்தது அவனுடைய முதுகைத்தான்.

கண் விழித்தபோது பக்கத்தில் ஒரு மலையாளி நர்ஸ் உட்கார்ந்திருந்தார். வந்தாரா என்று கேட்டேன். "தேக்கோ பெஹன், நான் ஜூட் சொல்ல மாட்டேன்" என்றார், தீவில் பேசும் இந்தி கலந்த தமிழில். "உன் வீட்டுக்காரர் இங்க இல்ல. இன்னிக்கு நிகோபார்லேர்ந்து ஜஹாஜே வரல. உனக்கு முடியல, அதுக்குத்தான் கொண்டாந்திருக்காங்க. சரியாயிடும்." அந்த வாய் பொய் சொல்லாது என்று நம்பித்தான் அவர் நீட்டிய மாத்திரையை விழுங்கினேன். முதல் நாட்களில் நான் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே ஒருவர் நின்றார். மெல்லத் தூக்கம் வந்தது, பிறகு பசி வந்தது. மூன்றாவது வாரம் சுவருக்குப் பின்னால் யாரும் கூப்பிடவில்லை. அந்த வார்டு என்னைக் காப்பாற்றியது என்பதை யாரிடமும் சொல்லத் தயங்க மாட்டேன்.

அண்ணன் இப்போது பத்துபஸ்தியில் இருக்கிறான். நல்லது கெட்டதற்குப் போய் வருகிறேன். ஆனால் அவன் மழை பெய்கிறது என்றாலும் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். அது அவனுக்கும் தெரியும். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அவனே பேச்சை எடுத்தான்.

"உள்ளதச் சொல்லியிருந்தா வந்திருப்பியா தாயி?"

"வந்திருக்க மாட்டேன்."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"கையக் கால கட்டித் தூக்கிட்டுப் போயிருக்கலாம்ல?"

அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கு இரக்கம் வந்தது, கோபம் மட்டும் போகவில்லை. அவனிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த ஜீப்பில் போன அரைமணி நேரம் என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தார். அதற்குப் பிறகு அவர் மறுபடியும் செத்தார். முதல் தடவை கொண்டுபோனது கடல், அதனிடம் போய் ஏன் என்று கேட்க முடியாது. இரண்டாவது தடவை அப்படியில்லை.