மெதுவாகப் படித்த பிள்ளை

என் மகளை மூன்று வருடம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிப்பித்தேன். தேயிலைக்குள் போகும் பள்ளிக்கூடப் பாதையில் குளவி கொட்டி, டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் அவளை விட எனக்கு மனம் வரவில்லை. நான் உயர்தரம் வரை படித்தவள். எனக்குத் தெரியாததையா அங்கே சொல்லிக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்ற திமிரும் இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பேசுகிறவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு வீடு இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் கேட்கும். பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தேயிலை பெக்டரியில் இரவு வேலை, பகலில்தான் தூங்குவார். அவரை எழுப்பிவிடக் கூடாதென்று எல்லாப் பாடத்தையும் கிசுகிசுவென்றே நடத்தினேன். வாய்ப்பாடும் அப்படித்தான், செய்யுளும் அப்படித்தான். மகளின் குரல் கொஞ்சம் உயர்ந்தால் கோடு போடும் அடிமட்டத்தால் மணிக்கட்டில் ஒன்று வைப்பேன்.

படிப்பில் குறையே இல்லை. ஏழாம் ஆண்டில் திரும்பச் சேர்க்கப் போனபோது, எழுத்துப் பரீட்சையில் அவள் வாங்கிய புள்ளியைப் பார்த்து பள்ளிக்கூட அதிபரே அசந்துபோனார். அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. உங்கள் பிள்ளை பதினொரு நாட்களாகப் பாடசாலைக்கு வரவில்லை என்று எழுதியிருந்தது. தினமும் காலையில் சீருடை போட்டு அனுப்புகிறேனே, எங்கே போய் ஒளிகிறாள்? அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் கன்னத்தில் அறைந்தேன். லயமே வாசலுக்கு வரும்படி கத்தினேன். அவள் வாய் அசைந்தது. எனக்குக் கேட்கும் பொறுமை இல்லை.

மறுநாள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். டீச்சர் வரவு இடாப்பை விரித்துக் காட்டினார். நாற்பது பிள்ளைகள். குனிந்தபடியே பெயர் கூப்பிடுவாராம், குரல் வராவிட்டால் வரவில்லை என்று போடுவாராம். என் மகளின் பெயருக்கு நேரே பதினொரு நாளும் அப்படியே கிடந்தது.

கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், இவ தெனமும் என் பக்கத்துலதான் இருக்கா" என்றாள். வகுப்பு சிரித்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

டீச்சருக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்ப ஏம்மா நீ பேர் கூப்பிடுறப்ப சொல்லல?" என்று கேட்டார்.

மகள் ஏதோ சொன்னாள். டீச்சருக்குக் கேட்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காய் முடித்தவள் நான், அவள் வாயருகே காதை வைத்தேன்.

"தெனமும் சொன்னேம்மா. நேத்து ஒங்ககிட்டயும் சொன்னேன்."