தறி நின்ற பிறகு

ஜெபக் கூட்டத்தில் டிரம்ஸ் முழங்கிக்கொண்டிருந்தது. "ஊழியத்துக்கு ஆண்டவர் கூப்புடறார்னு தோணுறவங்க எழுந்து நில்லுங்க" என்றார் பாஸ்டர். பக்கத்தில் சிலர் எழுந்தார்கள். எனக்கும் என் பெயர் கேட்டது. ஆனாலும் எழவில்லை. அந்தச் சத்தத்துக்குள் நான் மறுபடி ஆரணித் தெருவின் சிறுமியாகிவிட்டிருந்தேன்.

எங்கள் வீட்டு விசைத்தறி ஓடினால் சுவரில் மாட்டிய சிலுவையும் சேர்ந்து ஆடும். சாயம் போட்ட ஈரப் பட்டின் வாசனை அறை முழுக்க மிதக்கும். அந்த இரைச்சலில் எல்லோருக்கும் அவரவர் பெயர் கேட்கும். அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வருவாள்.

"கூப்டீங்களா?"

அப்பா மோட்டாரை நிறுத்துவார். "இப்ப கேக்குதா?"

"இல்லியே."

"அப்ப தறிதான் கூப்ட்டுகினு இருந்திருக்குது."

அம்மா சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போவாள். நானும் அப்படி எத்தனையோ முறை ஓடி வந்து, வெறுமனே திரும்பியிருக்கிறேன்.

பாட்டு முடிந்து டிரம்ஸ் அடங்கியது. எழுந்தவர்களுக்கு ஜெபம் செய்து முடித்தார்கள். பாய்களைச் சுருட்டினார்கள், மின்விசிறியையும் நிறுத்தினார்கள். நான் மட்டும் கண்ணை மூடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"இப்ப கேக்குதா?" என்று அப்பா கேட்பது போலிருந்தது.

"கேக்குதுப்பா."