மூடி வைத்த வாசனை

விசில்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். கண்டக்டராக இருந்த காலத்தில் அவர் ஒரு விசில் ஊதினால் பிரேக் டவுன் ஆன பஸ்கூட கிளம்பிவிடும் என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இப்போது நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கொடுமைதான், வேறென்ன சொல்ல!

மனைவியை அவர் முதலில் பார்த்ததே பஸ்ஸில்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் டிக்கெட் எடுக்காமல் ஏறியதில்லை. "கண்டக்டர் பொண்டாட்டின்னா ஓசியா? கிழிங்க டிக்கெட்டை" என்பாள், பஸ்ஸே சிரிக்கும். ஏறினால் ஜன்னல் சீட்தான் வேண்டும் அவளுக்கு. காற்றில் முடி பறக்க உட்கார்ந்து, அவர் சத்தம் போடுவதை ஓரக்கண்ணால் ரசிப்பாள். என்ன நாட்கள் அவை!

அவள் போனபின் அவருக்கு மிஞ்சியது, இருவரும் படுத்த பின்னறையில் இருந்த மர அலமாரி. பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஈரம் ஏறிக் கருப்புக் கருப்பாகப் பூத்திருந்ததை மறைக்க, அந்தக் காலத்தில் அவர்தான் அலமாரியை அங்கே தள்ளி வைத்தார். அதற்குள் அவள் சேலைகள். தினமும் சாயங்காலம் அதைத் திறந்து, சேலைகளில் முகம் புதைத்து ஆழமாக மூச்சிழுப்பார். பிறகு மூடிவிடுவார். அறையின் ஜன்னலையும் திறக்க விடுவதில்லை.

"அப்பா, உள்ள வந்தாலே மூச்சு முட்டுது. ஜன்னலைத் தெறங்களேன்" என்பாள் மகள்.

"தெறந்தா உங்கம்மா வாசனை போயிடும். சும்மா இரு."

இருமல் முற்றிய பிறகுதான் மகள் அவரைப் பெரிய டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு வீட்டைப் பற்றியே கேட்டார்.

"சுவத்துல பூஞ்சை இருக்கா?"

"எந்த வீட்ல இல்ல டாக்டர்?" என்றார் விசில்காரர். மூடியே கிடக்கும் பின்னறையையும் அலமாரிச் சேலைகளையும் பற்றி மகள்தான் சொன்னாள்.

"அந்தப் பூஞ்சைத் தூள்தான் உங்க நுரையீரலைப் புண்ணாக்கியிருக்கு. தழும்பானது ஆனதுதான், மிச்சத்தைக் காப்பாத்தலாம். ஆனா அந்த ரூம்ல இருந்துக்கிட்டு மாத்திரை சாப்பிடறது ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற கதை. துணிமணியில அடிக்கிற வாடையும் அதோடதுதான்."

இத்தனை நாள் அவர் கட்டிக் காத்தது அவள் வாசனையே இல்லையா?

"வீட்ல வேற யாருக்காவது இப்படி இருமல் இருந்துச்சா?"

அந்த அறையில்தான் அவள் வருஷக்கணக்காக இருமினாள். ஆஸ்துமா என்றார்கள். "ஹாரன் அடிக்காதடி, தூக்கம் போகுது" என்று இவர் கிண்டலடிப்பார். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

"அம்மாவுக்கு இருந்துச்சு" என்றாள் மகள்.

"அவங்களுக்கும் இதுதான்னு இப்ப சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. ஆனால் விசில்காரருக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நேரே பின்னறைக்குப் போனார். துருப்பிடித்த ஜன்னல் கொக்கியோடு மல்லுக்கட்டித் திறந்தார். மகள் பயந்துபோய் வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, அம்மா சேலையைத் தூக்கிப் போட வேணாம். நான் கொண்டுபோய்த் துவைச்சுப் பாக்கறேன்."

"உன் வீட்ல நல்லா வெயில் வருமில்ல?"

"மொட்டை மாடி பூராவும் வெயில்தாம்பா. நீங்களும் வந்துடுங்க."

"நான் வரேன். முதல்ல அவளைக் கூட்டிட்டுப் போ" என்றார் அவர். "இங்க கெடந்து இருமினது போதும்."